13,200 கன மீட்டர் கான்கிரீட்டை ஒரே கனசதுரமாக வார்த்தால்

கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் நான்கரை மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் பாளம் ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது. அதை இடையில் நிறுத்தாமல் 54 மணி நேரம் தொடர்ந்து வார்த்தார்கள். ஒரு பாளத்துக்கு இறங்கிய கான்கிரீட் 13,200 கன மீட்டர். அவ்வளவையும் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான ஒரே கனசதுரமாக வார்த்திருந்தால் அதன் உயரம் எவ்வளவு இருந்திருக்கும்? எண்ணின் பருமனைப் பார்த்து 100 மீட்டர் என்று சொல்லத் தோன்றலாம். ஆனால் 100 மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் ஒரு மில்லியன் கன மீட்டர் அடங்கும். அது நம் பாளத்தைப் போல 75 மடங்குக்கு மேல். உண்மையான விடை 24 மீட்டரைக்கூட எட்டுவதில்லை.

பக்கத்திலிருந்து கன அளவுக்குப் போகும் வழி எளிது. பக்கம் 4 மீட்டர் என்றால், தரையில் ஒரு மீட்டர் கட்டிகளை வரிசைக்கு 4 வீதம் 4 வரிசைகளாகப் பரப்பலாம். அந்த 16 கட்டிகள் சேர்ந்தது ஓர் அடுக்கு. அத்தகைய அடுக்குகள் 4 ஏறினால் கனசதுரம் நிறைகிறது, ஆக 64 கன மீட்டர். பக்கத்தைத் தன்னால் இருமுறை பெருக்குவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிழை நுழைவது பெரும்பாலும் அலகுகளில்தான். ஒரு மீட்டரில் 100 செண்டிமீட்டர் இருப்பதால் ஒரு கன மீட்டரிலும் 100 கன செண்டிமீட்டர் இருக்கும் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். நூறு என்பது மூன்று திசைகளிலும் பெருக வேண்டும் என்பதால் அது ஒரு மில்லியன். பத்து செண்டிமீட்டர் பக்கமுள்ள கட்டி 1,000 கன செண்டிமீட்டர், அதாவது ஒரு லிட்டர். அத்தகைய 1,000 லிட்டர் சேர்ந்தால் ஒரு கன மீட்டர்.

திரும்பி வரும் வழி, அதாவது கன அளவிலிருந்து பக்கத்தைக் காண்பது, கனமூலம் எனப்படுகிறது. 64இன் கனமூலம் 4 என்று உடனே சொல்லிவிடலாம். 13,200க்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது எந்த முழு எண்ணின் கனமும் அன்று. 23இன் கனம் 12,167, 24இன் கனம் 13,824. விடை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. கைப்பேசியில் தட்டினால் விடை வரும் என்பது உண்மைதான், ஆனால் காகிதத்திலேயே அதை எட்டிப் பிடிக்க ஓர் அழகான வழி உண்டு. அதைப் பள்ளியில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

முதலில் பக்கம் 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி 24க்கு 24 என்ற சதுரமானால் அதன் பரப்பு 576 சதுர மீட்டர். அந்தத் தரையின்மேல் நம்மிடமுள்ள 13,200 கன மீட்டரைக் கொட்டினால் உயரம் 13,200 ÷ 576, அதாவது 22.92 மீட்டர் வரைதான் ஏறும். கிடைத்தது கனசதுரமன்று, 24, 24, 22.92 என்ற பக்கங்களைக் கொண்ட, மேற்புறம் சற்று அமுங்கிய ஒரு பெட்டி. அதன் கன அளவு சரியாக இருக்கிறது, வடிவம் மட்டுமே சற்றுப் பிசகியிருக்கிறது. நாம் தேடும் பக்கம் பெட்டியின் நீளமான விளிம்பைவிடக் குறைவாகவும் குட்டையான விளிம்பைவிடக் கூடுதலாகவும் இருந்தாக வேண்டும் என்பதால், மூன்று விளிம்புகளின் சராசரியை எடுக்கிறோம்: 24 + 24 + 22.92 = 70.92, அதை மூன்றால் வகுக்க 23.64. துல்லியமான விடை 23.633. ஒரே சுற்றில் பிழை ஒரு செண்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கணக்கை 23.64ஐ வைத்து இன்னொரு முறை செய்தால், கட்டுமானத் தளத்தின் எந்த அளவுநாடாவும் காட்ட முடியாத நுட்பம் கைக்கு வந்துவிடும். முதல் ஊகம் மோசமாக இருந்தாலும் முறை கைவிடாது, கூடுதலாக ஓரிரு சுற்றுகள் தேவைப்படும், அவ்வளவுதான்.

கனமூலம் காண்பதற்கான இலக்கம் இலக்கமாக நகரும் முறையை ஆரியபட்டர் 499இலேயே செய்யுளில் எழுதி வைத்தார். கணக்கிட வழி இருந்தாலும், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு, தரப்பட்ட கனசதுரத்தின் இருமடங்கு கன அளவுள்ள இன்னொன்றின் பக்கத்தை வரைந்து காட்ட கிரேக்கர்களால் இயலவில்லை. அது எவராலும் இயலாது என்பதை பியேர் வான்ட்செல் 1837இல் நிறுவினார்.

அந்த இருமடங்குக் கணக்கு வீட்டுக் கூரைக்குக் கீழேயும் எதிர்ப்படுகிறது. 100 கேலன் தண்ணீர்த் தொட்டி கனசதுர வடிவில் இருப்பதாகக் கொண்டால், 454.6 லிட்டருக்கு அதன் உட்பக்கம் 76.9 செண்டிமீட்டர். அதை எடுத்துவிட்டு 200 கேலன் தொட்டி வைக்க விரும்புபவர் இருமடங்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை, 96.9 செண்டிமீட்டர் போதும். பக்கம் 26 விழுக்காடு கூடினாலே கொள்ளளவு இரட்டிப்பாகிறது. தண்ணீர்க் கட்டண ரசீதில் வரும் 20 கன மீட்டரும் இப்படித்தான்: 20,000 லிட்டர் என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் பக்கம் 2.71 மீட்டருள்ள ஒரு சிறிய அறைக்குள் அது அடங்கிவிடும்.

இதன் மறுபக்கம், பக்கத்தை அளப்பதில் நேரும் சிறு பிழை கன அளவில் மும்மடங்காகப் பெருகுவது. பக்கத்தில் ஒரு விழுக்காடு தவறினால் கன அளவில் ஏறத்தாழ மூன்று விழுக்காடு தவறும். வெளிப்புறம் ஒரு மீட்டர் இருக்கும் கான்கிரீட் தொட்டியின் சுவரும் அடியும் மூடியும் 5 செண்டிமீட்டர் தடிப்பு என்றால், உள்ளே எஞ்சுவது 90 செண்டிமீட்டர் பக்கம். கொள்ளளவு 1,000 லிட்டரிலிருந்து 729க்குச் சரிந்துவிடுகிறது.

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கூடங்களில் இந்தக் கவனம் அன்றாட வேலை. கட்டுமானத் தளத்தில் கலவை வந்திறங்கும்போதே அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சில் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். நசுக்குவதற்கு முன் கட்டியின் அடர்த்தி தெரிய வேண்டும், அதற்குக் கன அளவு தெரிய வேண்டும். ஓரங்கள் சிறிது தேய்ந்திருந்தால் அளவுகோலை நம்ப முடியாது. எனவே கட்டியைக் காற்றில் ஒரு முறையும், தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறையும் எடை பார்க்கிறார்கள். காற்றில் 8.1 கிலோ, தண்ணீரில் 4.725 கிலோ என்றால், குறைந்த 3.375 கிலோ கட்டி விலக்கிய தண்ணீரின் எடை. அதன் கன அளவு 3.375 லிட்டர். ஒரு லிட்டர் 10 செண்டிமீட்டர் பக்கமுள்ள கட்டி என்பதால், 3.375இன் கனமூலமான 1.5ஐப் பத்தால் பெருக்க, பக்கம் சரியாக 15 செண்டிமீட்டர் என்று தராசே சொல்லிவிடுகிறது.