சினிமா: கொடுத்தவரே கடன் வாங்கிய சொல்

'சினிமா'வின் வேர் கிரேக்கம். 'கினேமா' என்றால் அசைவு. 'கிராஃபெய்ன்' என்றால் எழுதுதல். இரண்டையும் ஒட்டி, 1892-இல் லியோன் பூலி என்ற பிரெஞ்சுக்காரர் தம் கருவிக்கு 'சினிமாட்டோகிராஃப்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தவரை உலகம் மறந்துவிட்டது. 1895-இல் அதே பெயரில் படம் காட்டிய லூமியேர் சகோதரர்களுக்குத்தான் புகழ். நீண்ட பெயரின் வாலைப் பிரெஞ்சுக்காரர்கள் நறுக்க, 'சினிமா' மிஞ்சியது. கிரேக்கத்தின் ககரம் பிரெஞ்சு நாக்கில் சகரமானது.

வேடிக்கை இனிமேல்தான். 'கினிமாதோகிராஃபோஸ்' என்ற முழுச்சொல் கிரேக்கர்களிடம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மாலையில் படம் பார்க்கக் கிளம்பும் ஏதென்ஸ்வாசி 'பாமே சினெமா' என்பார், 'சினிமாவுக்குப் போவோம்' என்று நாம் சொல்வதைப் போலவே. வெளியூர் போய் உருமாறித் தாய்வீட்டுக்கே கடனாகத் திரும்பும் சொல்லுக்கு அவர்கள் 'அந்திதானியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதிர்க்கடன் எனலாம். வீட்டிலேயே தங்கிய 'கினிமா' இன்று அரசியல் இயக்கத்தையும் கலகத்தையும் குறிக்கிறது. தமிழ் 'இயக்கம்' கட்சிக்கும் ஆகிறது, படம் எடுப்பவருக்கும் ஆகிறது. இரு மொழிகளும் கலந்து பேசிக்கொள்ளாமலே இந்த இடத்தில் சந்தித்திருக்கின்றன.

தனிப் படம் ஒன்றைக் கிரேக்கர் 'தைனியா' என்கிறார்கள். பண்டைக் காலத்தில் அது தலையில் கட்டும் நாடா, இன்று படச்சுருள். அவர்களுடைய முதல் முழுநீளத் 'தைனியா', 1915-இல் வந்த 'கோல்ஃபோ'.

சொற்களையே கதையாக்கிய படங்களும் அங்கே உண்டு. தியோ ஆஞ்சலோபூலோஸின் 'என்றென்றும் ஒரு நாளும்' 1998-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனை பெற்றது. இத்தாலியில் படித்துத் திரும்பிய கவிஞர் சொலொமோஸ், தாய்மொழியில் தமக்குத் தெரியாத சொற்களை ஊர்மக்களிடம் காசு கொடுத்து வாங்குவதாக அதில் ஒரு கதை. அதைக் கேட்ட அல்பேனியச் சிறுவன் ஒருவன், சாகும் தறுவாயில் இருக்கும் எழுத்தாளருக்குச் சொல் தேடிக் கொண்டுவந்து விற்கிறான். அவற்றுள் ஒன்று 'அர்காதினி': இரவில் மிகவும் பிந்திய நேரம். யோர்கோஸ் லாந்திமோஸின் 'கோரைப்பல்' (2009) இதற்கு நேர்மாறு. பிள்ளைகளை வீட்டு வேலிக்குள் அடைத்து வளர்க்கும் பெற்றோர், கடல் என்றால் தோல் நாற்காலி, ஸோம்பி என்றால் சிறிய மஞ்சள் பூ என்று கற்பிக்கிறார்கள். சொல்லைப் பூட்டினால் ஆளையும் பூட்டலாம் என்பது அவர்கள் கணக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சலனப்படம்' மூலத்துக்கு நெருக்கம். ஆனால் சலனம் வடசொல், வழக்கும் தேய்ந்துவிட்டது. பொருளுக்குப் பொருள் வைத்தால் 'இயங்குபடம்' சரி. வென்றதோ 'திரைப்படம்'. அசைவை விட்டுவிட்டு, படம் விழும் துணியைப் பிடித்துக்கொண்ட சொல். எனக்கு அதில் குறையில்லை. தனிப் படத்துக்குத் திரைப்படம், இடத்துக்குத் திரையரங்கு, தொழிலுக்குத் திரைத்துறை என்று பிரித்து எழுதினால் குழப்பமில்லை. சினிமா இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அது சாகாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

கிரேக்கரின் 'தெரினோ சினெமா'வுக்கு மட்டும் புதுச்சொல் வேண்டும். கோடையில் கூரையில்லாமல் நடக்கும் அரங்கு அது. ஏதென்ஸின் 'சினே திசியோ'வில் உட்கார்ந்தால் முன்னால் திரை. கழுத்தைத் திருப்பினால் விளக்கொளியில் அக்ரோபோலிஸ், பண்டைக் கோயில்கள் நிற்கும் குன்று. 'வேனிலரங்கு' என்று வைத்துப் பார்க்கிறேன்.