பாவம் அந்தத் தமிழ் ஃபான்ட்

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, நோட்டீஸ் அடிக்கவே முடியல. ஃபான்ட் மாத்தப் போனா எல்லாம் மூடிக்குது." தண்ணீர்மலைக்குப் போகிற வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும் அன்னதானம் கொடுக்கிறவர்களும் ஒரே வாரத்தில் நோட்டீஸ், பேனர் என்று வந்து நிற்கும் காலம் அது. அந்த வாரம் பார்த்துக் கணினி படுத்துக்கொண்டால் முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. கடையில் இருந்தது பழைய கணினி, லினக்ஸ். நோட்டீஸ் வேலையை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக நிரலில் செய்துகொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. தமிழ் ஃபான்ட்கள் அத்தனையையும் அழித்துவிட்டார்கள். லிப்ரே ஆபிஸை இரண்டு முறை நீக்கி, மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ராம் போயிருக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் புதிதாக வாங்கி மாட்டியிருந்தார்கள். எதுவும் எடுபடவில்லை.

ஃபான்ட்டைச் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. ஃபான்ட் பெயர் தெரியும் பெட்டியின் அம்புக்குறியைத் தட்டினால், பட்டியல் விரிவதற்கு முன்பே நிரல் மறைந்துவிடுகிறது. யாராக இருந்தாலும் ஃபான்ட்டைத்தான் சொல்வார்கள். நான் அதற்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தட்டச் சொன்னேன், எழுத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி. அதிலும் மூடிக்கொண்டது. அதில் இருப்பது 10, 12, 14 என்று வெறும் எண்கள். தமிழும் இல்லை, ஃபான்ட்டும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பெட்டியையும் அம்புக்குறியையும் திரையில் வரைகிற வேலை.

அப்புறம் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து, அதற்குள் போய் லிப்ரே ஆபிஸை ஓட்டினேன். ஒரு சிக்கலும் இல்லை. அதே கணினி, அதே நிரல், அதே ராம். ஆக, கோளாறு இருந்தது முதலாளியின் கணக்கில் உள்ள அமைப்புகளில். கடைசியாக, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தேன். ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டு விழும்போது லினக்ஸ் அங்கே பெரும்பாலும் ஒரு வரி எழுதி வைக்கும்: எந்த நிரல், எந்த முகவரி, எந்த லைப்ரரிக்குள் (நிரல் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் துணைத் துண்டு) நடந்தது என்று. நிரலின் பெயர் லிப்ரே ஆபிஸ். லைப்ரரியின் பெயரோ அதனுடையது அல்ல, திரைத் தோற்றத்தை வரைகிற ஒரு தீம் எஞ்சினுடையது.

"அண்ணே, இந்தப் பச்சைக் கலர் எப்பப் போட்டீங்க?"

"தீபாவளிக்கு எங்க அண்ணன் மகன் வந்தப்பப் போட்டுக் கொடுத்தான். கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குல்ல? மூணு மாசமா நல்லாத்தான ஓடுச்சு."

மூன்று மாதம் நன்றாக ஓடியதும் உண்மைதான். அப்டேட் பதிவில் பார்த்தால், எனக்குப் போன் வந்ததற்கு முந்தைய வாரம்தான் லிப்ரே ஆபிஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. தீம் எஞ்சின் எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டது, அதனால் அது புதுப்பிக்கப்படவில்லை. ஒன்று நகர்ந்துவிட்டது, மற்றொன்று நின்ற இடத்திலேயே நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். தீம் என்றதும் சாயம் பூசுகிற வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சில தீம்கள் அப்படித்தான்: வால்பேப்பர், நிறங்கள், ஐகான் படங்கள். அவை வெறும் தரவு. தீம் எஞ்சின் அப்படி இல்லை, அது ஒரு நிரல்துண்டு. ஜிடிகே என்பது லினக்ஸ் நிரல்கள் பட்டன், பெட்டி வரையப் பயன்படுத்தும் ஒரு கருவித்தொகுப்பு. ஜிடிகே 2 காலத்தில் தீமின் அமைப்புக் கோப்பு ஓர் எஞ்சினின் பெயரைச் சொல்லும். திறக்கிற ஒவ்வொரு ஜிடிகே நிரலும் அந்த எஞ்சினைத் தன் சொந்த நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். பட்டன், பெட்டி, உருள்பட்டை எதுவானாலும் வரைவது அந்த எஞ்சின்தான். நடுவில் சுவர் கிடையாது. சாயம் பூச வந்த ஆள் வீட்டுக்குள்ளேயே தங்கி, அடுப்பும் பற்றவைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் செய்தியில் வரும் முகவரி வீட்டுக்காரருடையது.

எஞ்சின் கணினியில் இல்லாமல் போனால் பெரிய பாதிப்பு இல்லை. எஞ்சினைக் காணோம் என்று டெர்மினலில் ஒரு முணுமுணுப்பு, திரையில் பழைய காலத்துச் சாம்பல் பட்டன்கள், அவ்வளவுதான். இருந்து, தப்பாக நடந்துகொள்ளும் எஞ்சின்தான் ஆபத்து.

"மத்ததெல்லாம் ஓடுதே, இது மட்டும் ஏன் விழுது?" என்று அந்த முதலாளியும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. லிப்ரே ஆபிஸ் முழுக்க ஜிடிகேயில் எழுதிய நிரல் இல்லை. அது தன் சாளரத்தைத் தானே கட்டிக்கொண்டு, கணினியில் உள்ள மற்ற நிரல்களைப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக ஜிடிகேயிடம் "இங்கே ஒரு பெட்டி வரைந்து கொடு" என்று கேட்கும். அதற்காகத் திரையில் தெரியாத சில பொம்மைப் பெட்டிகளை வைத்திருக்கும். அந்தக் காலத்து ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான் செய்தது, ஜாவா நிரல்களும் அதே வழிதான். எஞ்சினை எழுதியவர் கால்குலேட்டரிலும் கோப்பு மேலாளரிலும் சோதித்துப் பார்த்திருப்பார். அங்கே ஒவ்வொரு பெட்டியும் ஓர் உண்மையான சாளரத்துக்குள் இருக்கும். பொம்மைப் பெட்டியிடம் "உன் தாய்ச் சாளரம் எது?" என்று கேட்டால் பதில் வெறுமை. பதில் வந்ததா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால் கதை அங்கே முடிந்தது. ஆக்ஸிஜன் ஜிடிகே என்ற எஞ்சினின் மூல நிரலில், "இது மொசில்லாவா, ஓபன் ஆபிஸா, ஜாவாவா" என்று நிரலின் பெயரைக் கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும் வரிகளே உண்டு (மொசில்லா என்றால் ஃபயர்ஃபாக்ஸ், ஓபன் ஆபிஸ் என்றால் லிப்ரே ஆபிஸின் முன்னோடி). எழுதியவர்கள் எவ்வளவு அடிபட்டிருப்பார்கள் என்று அதிலிருந்தே தெரியும்.

நிரலை இரண்டு முறை மாற்றிப் போட்டும் ஏன் தீரவில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. எந்தத் தீம் என்ற தேர்வு பயனரின் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்றில் உட்கார்ந்திருக்கும். நிரலை நீக்கும்போது அதை யாரும் தொடுவதில்லை. லினக்ஸையே மறுபடி நிறுவினாலும் பழைய வீட்டுக் கோப்புறையை வைத்துக்கொண்டால் நோயும் கூடவே வரும்.

புதிய லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2014இல் வந்த ஜிடிகே 3.14, எஞ்சின்கள் இனி வேண்டாம் என்று ஒதுக்கியது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4இல் அவை அறவே இல்லை, தோற்றம் முழுவதும் சிஎஸ்எஸ் கோப்புகள்தான், அதாவது நிறம், அளவு எல்லாம் எழுதி வைத்த வெறும் எழுத்துக் கோப்புகள். ஜிடிகே 3 நிரல் சந்தேகத்துக்கு இடமாக விழுந்தால், அந்த ஒரு நிரலை மட்டும் அத்வைதா என்ற இயல்புத் தீமில் ஓட்டிப் பார்க்கலாம். (இரண்டல்ல என்ற அதே அத்வைதம்தான். உள்ளே இரண்டாவது ஆள் இல்லை என்று தெரிந்துதான் பெயர் வைத்தார்களோ என்னவோ.) ஜிடிகேயைப் போன்ற இன்னொரு தொகுப்பான க்யூடியில் எழுதிய நிரல்களில் மட்டும் கவனம் வேண்டும், அங்கே ஸ்டைல் ப்ளகின்கள் இன்னமும் நிரலுக்குள் ஏறுகிற லைப்ரரிகள்தான். ஃபியூஷன் என்ற உள்ளமைந்த ஸ்டைலில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை விண்டோஸ். பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதும் ஒரு அக்கா, மாதக் கடைசியில் அழாத குறையாகக் கூப்பிட்டார். கணக்கு சாஃப்ட்வேர் இன்வாய்ஸ் பக்கத்தைத் திறந்ததும் விழுகிறது. விற்றவர்களைக் கேட்டால் "விண்டோஸ் கோளாறு" என்கிறார்கள். விண்டோஸ் தெரிந்தவரைக் கேட்டால் "சாஃப்ட்வேர் கோளாறு" என்கிறார். நடுவில் இவர்.

விண்டோஸில் பார்க்க வேண்டிய இடம் ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சிவப்புக் குறியோடு 1000 என்ற எண் உள்ள பதிவைத் திறந்தால் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று விழுந்த நிரல். அதற்குக் கீழே "ஃபால்டிங் மாட்யூல்" என்ற இடத்தில், விழும்போது எந்தத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது என்ற பெயர். எல்லாரும் முதல் பெயரைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறார்கள். இரண்டாவதைப் படியுங்கள். அந்த அக்காவின் கணினியில் இரண்டாவது பெயர், விண்டோஸ் சாளரங்களுக்கு வேறு தோல் போர்த்தும் ஒரு கருவியின் கோப்பு. முன்பு அந்தக் கணினியை வைத்திருந்தவர் போட்டது. ஓடிக்கொண்டிருக்கிற நிரல்களுக்குள் நுழைந்து, சட்டத்தையும் பட்டன்களையும் தானே வரைவதுதான் அந்த வகைக் கருவிகளின் வழி. கணக்கு சாஃப்ட்வேர் பழைய 32 பிட் நிரல். கருவியின் 32 பிட் துண்டு அதற்குள் மட்டும் போய் விழுந்துகொண்டிருந்தது. 64 பிட் குரோமுக்குள் அது ஏறவே முடியாது, அதனால் குரோம் சௌக்கியமாக ஓடியது. கருவியை நீக்கினேன், இன்வாய்ஸ் பக்கம் திறந்தது. பத்து நிமிட வேலை. இதற்காக அவர் புதிதாக ஒரு கணினி வாங்க இருந்தார்!

இரண்டாவது பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அங்கே என்டிடிஎல்எல் என்று விண்டோஸின் சொந்தக் கோப்பு இருந்தால், பிணம் கிடந்த இடம் அதுதான், கொலை வேறெங்காவது நடந்திருக்கலாம். நினைவகத்தை ஒருவன் கெடுத்துவிட்டுப் போய்விடுவான், பிறகு அந்த வழியாக வருகிறவன் தடுக்கி விழுவான். அப்போது புதுப் பயனர் கணக்கு, சேஃப் மோடு, சந்தேகப்பட்ட கருவியை நீக்கிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் ரிலயபிலிட்டி மானிட்டர் இங்கே கைகொடுக்கும். எந்தத் தேதியில் என்ன நிறுவினோம், எந்தத் தேதியில் விழத் தொடங்கியது என்று இரண்டையும் ஒரே படத்தில் காட்டும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து வேறொரு வகைப் போன் கூடியிருக்கிறது. விண்டோஸ் 11க்கு மாறியவர்களுக்கு அதன் டாஸ்க்பார் பிடிக்கவில்லை. பழையபடி ஆக்கும் கருவி ஒன்றைப் போடுகிறார்கள். அது எக்ஸ்ப்ளோரருக்குள் (டாஸ்க்பாரையும் டெஸ்க்டாப்பையும் காட்டுகிற விண்டோஸ் நிரல்) புகுந்து வேலை செய்வது. அடுத்த பெரிய அப்டேட்டில் எக்ஸ்ப்ளோரரின் உள்ளமைப்பு மாறினால், டாஸ்க்பார் மின்னி மின்னி மறையும், டெஸ்க்டாப் வெறுமையாக நிற்கும். பதற வேண்டாம், ஃபைல்கள் எங்கும் போகவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தனியாக வரும். அதிலிருந்தே கண்ட்ரோல் பேனலைத் திறந்து அந்தக் கருவியை நீக்கலாம். மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 2007இல் லெப்பர்டு என்ற மேக் இயங்குதளப் பதிப்புக்கு மாறியபோது, நிரல்களுக்குள் நுழைந்து அழகுபடுத்தும் ஒரு பழைய கருவி இருந்த கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின.

எனக்கென்று ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. "நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று சொல்லும் எந்தத் தீமானாலும் யார் கணினியிலும் போட மாட்டேன். விண்டோஸ் தன் காட்சித் தீம்களில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தச் சோதனையைத் தாண்டுவதற்காகச் சிஸ்டம் கோப்பையே மாற்றச் சொல்லும் இலவசத் தீம்கள் நிறைய. சம்பளக் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கிற கணினியில் அந்த விளையாட்டு எதற்கு? டார்க் மோடு வேண்டுமா, நிறம் மாற்ற வேண்டுமா, செட்டிங்ஸில் இருப்பதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அச்சகத்தில் எஞ்சினை எடுத்துவிட்டு, இயல்புத் தீமுக்கு மாற்றி, அழித்த ஃபான்ட்களைத் திரும்பப் போட்டேன். ஃபான்ட் பட்டியல் விரிந்தது. முதலாளி சிரித்தார், ஆனால் பத்து நிமிடம் கழித்து, "பச்சை இல்லாம கண்ணு கூசுது தம்பி" என்றார். தண்ணீர்மலைக் கோயில் படி தெரிகிற மாதிரி பச்சையாக ஒரு வால்பேப்பர் தேடிப் போட்டுக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனோம்.