கேகன்பிரெஸிங்: பந்து பறிபோன மறுநொடி

2022-23 சீசன் முடிந்தபோது இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணி ரசிகர்களின் வாக்குவாதங்களில் திரும்பத் திரும்ப அடிபட்ட சொல் கேகன்பிரெஸிங்: பந்தை இழந்தவுடனே பாய்ந்து அதை மீட்கப் பார்க்கும் ஆட்டமுறை. அதற்கு முந்தைய சீசனில் இரண்டு கோப்பைகளை வென்று, லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டு, சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி வரை போன அணி அது. மறு வருடமே 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடம். பயிற்சியாளர் மாறவில்லை, அதே யூர்கன் கிளாப்தான். “கேகன்பிரெஸிங் காலாவதியாகிவிட்டது, வேறு ஆட்டமுறைக்குப் போங்கள்” என்றது ஒரு கட்சி. “முன்னால் நிற்கிறவன் ஓடுவதில்லை, அவனை விற்றுவிடு” என்றது இன்னொன்று. “அவன் ஓடத்தான் செய்கிறான், பின்னால் வந்து சேர வேண்டியவனுக்குக் கால் இல்லை” என்றது மூன்றாவது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு விஷயங்களைப் பேசினார்கள். யாரை விற்பது, யாரை வாங்குவது என்பதே இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முதல் பாதி ஜெர்மன், இரண்டாம் பாதி ஆங்கிலம். ‘பிரெஸ்’ என்பது லத்தீனில் அழுத்துவதைக் குறிக்கும் ‘பிரெமெரே’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அச்சகத்துக்கும் வேர் அதுதான். பைக் முகப்பில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே ‘பிரஸ்’, அதற்கும் அதுதான். ஜெர்மானியர்கள் இதை ஆங்கிலத்திடம் கடன் வாங்கி, தங்கள் முன்னொட்டைப் பொருத்தி, ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் ‘கவுண்டர் பிரெஸ்’ என்ற மொழிபெயர்ப்பும் புழங்குகிறது. ஆனால் 2015 அக்டோபரில் கிளாப் லிவர்பூலுக்கு வந்த பிறகு ரசிகர் வாயில் ஒட்டிக்கொண்டது ஜெர்மன் வடிவம்தான்.

குழப்பம் முதல் பாதியில் இருக்கிறது. ‘கேகன்’ என்றால் எதிர். அதைப் படித்துவிட்டு ‘எதிரணி மீது அழுத்தம் கொடுப்பது’ என்று பொருள் கொள்கிறார்கள். அழுத்தம் எதிரணி மீது இல்லாமல் வேறு யார் மீது இருக்கும்? ஜெர்மன் கூட்டுச்சொற்களில் கேகன் முன்னால் வந்தால் பெரும்பாலும் ‘பதிலுக்கு’ என்ற சாயல் உண்டு. கேகன்ஆங்ரிஃப் என்றால் பதில் தாக்குதல். கேகன்ஃபிராகெ என்றால் கேள்விக்குப் பதிலாகக் கேட்கப்படும் கேள்வி. ஆக, நம் அணி பந்தை இழந்த அந்தக் கணத்தில், எதிரணியின் கவுண்டர் அட்டாக் கிளம்புவதற்கு முன்பே, பந்து போன இடத்திலேயே பாய்ந்து நெருக்குவதுதான் கேகன்பிரெஸிங். எதிரணி கோல்கீப்பர் நிதானமாகப் பந்தை உருட்டி ஆட்டத்தைத் தொடங்கும்போது மூன்று பேர் ஓடிப்போய் மறிப்பது வெறும் பிரெஸிங். தொலைக்காட்சி வர்ணனையாளர்களே இரண்டையும் கலந்தடிக்கிறார்கள். ஸ்பானியர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் இதைச் சொல்வது ‘பிரெசியோன் திராஸ் பெர்திதா’, அதாவது ‘இழப்புக்குப் பின் அழுத்தம்’. உரிச்சு வைத்த மாதிரி பெயர்.

பந்தைப் பறித்தவன் அந்த நொடியில்தான் மிகவும் பலவீனமாக இருக்கிறான். அவன் கண் பந்தின் மேல் இருக்கிறது, சுற்றிலும் யார் எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை. அவன் கூட்டாளிகள் தாக்குதலுக்குப் பரவத் தொடங்கிவிட்டார்கள், அதனால் தற்காப்பு அமைப்பு குலைந்து கிடக்கிறது. அப்போது பந்தை மீட்டால் கோல் பக்கத்திலேயே இருக்கிறது. உலகின் எந்தப் பிளேமேக்கராலும் (கோல் வாய்ப்புகளை உருவாக்கித் தருபவர்) ஒரு நல்ல கேகன்பிரெஸிங் தரும் வாய்ப்புக்கு ஈடு தர முடியாது என்று கிளாப் சொன்னது இதனால்தான்.

சொல்லை உலகமெங்கும் பரப்பியவர் கிளாப் என்றாலும் வேர் அவரிடம் இல்லை. 1960-களில் டைனமோ கீவ் அணியின் பயிற்சியாளர் விக்டர் மாஸ்லோவ் கூட்டாக நெருக்கி ஆடும் முறையை வளர்த்து 1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று சோவியத் பட்டங்களை வென்றார். அப்புறம் அதே கிளப்பில் வலேரி லோபனோவ்ஸ்கி. 1980-களின் தொடக்கத்தில் அவருடைய அணி ஜெர்மனிக்கு வந்து பாக்னாங் என்ற சிறிய ஊரின் அணியோடு நட்பு ஆட்டம் ஆடியது. பாக்னாங்கின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக இருந்தவர் ரால்ஃப் ராங்னிக். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் நிற்பதைப் பார்த்து, எதிரணியில் கூடுதலாக யாரையோ இறக்கிவிட்டார்களோ என்று தலைகளை எண்ணிப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. பந்தை இழந்தால் 8 விநாடிக்குள் மீட்க வேண்டும், மீட்டால் 10 விநாடிக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும் என்று அவர் பிறகு விதியே வகுத்தார். இன்னொரு கிளை ஜெர்மனியின் மைன்ஸ் ஊரில் முளைத்தது. அங்கே வொல்ஃப்காங் ஃபிராங்க் என்ற பயிற்சியாளரிடம் ஆடிய சுமாரான ஆட்டக்காரர்தான் கிளாப். பிறகு பயிற்சியாளராகி டார்ட்மண்ட் அணியோடு அவர் 2011, 2012 ஜெர்மன் லீக் பட்டங்களை வென்றபோது சொல்லும் கூடவே பிரபலமானது.

அந்த ராங்னிக்கையே 2021 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் இடைக்காலப் பயிற்சியாளராக அழைத்து வந்தது. இனி கேகன்பிரெஸிங்தான் என்று ரசிகர்கள் துள்ளினார்கள். முதல் ஆட்டத்தில் கொஞ்சம் வேகம் தெரிந்தது, சில வாரங்களில் அதுவும் போயிற்று. சீசன் முடிவில் ஆறாம் இடம், 58 புள்ளிகள். அடித்தது 57 கோல், வாங்கியதும் 57. முன்னால் நின்று ஓடாத ரொனால்டோதான் காரணம் என்று பாதிப் பேர், லீகில் 18 கோல் அடித்தவரையா சொல்கிறீர்கள் என்று மீதிப் பேர். என்னைக் கேட்டால் இரண்டு தரப்புமே பிரச்சினையைத் தவறான இடத்தில் தேடின. இந்த முறைக்குத் தேவை ஆட்டக்காரர்களுக்கு இடையே குறுகிய தூரம். பந்து போகும் நொடியில் பக்கத்தில் மூன்று பேர் இருந்தால்தான் பாய முடியும். முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் நடுவே பாதி மைதானம் கிடந்தால் யார் ஓடியும் பயனில்லை. இந்த அணிக்கு இதய அறுவை சிகிச்சையே தேவை என்று ராங்னிக் வெளிப்படையாகச் சொன்னார். மருந்து மாத்திரை போதும் என்று நிர்வாகம் நினைத்ததோ என்னவோ.

லிவர்பூல் 2023 கோடையில் அறுவை சிகிச்சையையே செய்தது. நடுவரிசையில் ஹெண்டர்சனும் ஃபபின்யோவும் சவூதி கிளப்புகளுக்குப் போனார்கள். மில்னர், கெய்ட்டா, சேம்பர்லின் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார்கள். உள்ளே வந்தவர்கள் பிரைட்டனிலிருந்து மக்காலிஸ்டர், லைப்சிக்கிலிருந்து சோபோஸ்லாய், ஸ்டுட்கார்ட்டிலிருந்து எண்டோ, பயர்னிலிருந்து கிராவன்பெர்க். இதில் சோபோஸ்லாய் வளர்ந்த சால்ஸ்பர்க், லைப்சிக் இரண்டுமே ராங்னிக் நிர்வாகியாக இருந்து வார்த்தெடுத்த கிளப்புகள். எண்டோ முதல் தேர்வு அல்ல. பிரைட்டனின் கைசெடோவுக்கு 11 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு விலை பேசி முடித்த பிறகு அவர் செல்சிதான் வேண்டும் என்று போய்விட்டார். 30 வயது எண்டோவை வாங்கியபோது முகம் சுளித்த ரசிகர்கள் நிறைய. அடுத்த சீசனில் 82 புள்ளிகள், மூன்றாம் இடம். அதாவது 2023-இல் வாதாடிய மூன்று கட்சிகளில் மூன்றாவது சொன்னதே சரி: கால் இல்லாமல் போனது பின்னால் வந்து சேர வேண்டிய நடுவரிசைக்குத்தான்.

இனி தமிழ். ‘அழுத்தம் கொடுத்து ஆடினார்கள்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம். எனக்கு அது அரைமனதாகவே படுகிறது. அழுத்தம் மேலிருந்து வருவது. மேலும் ‘அழுத்தத்தில் ஆடினார்’ என்றால் மனப்பதற்றம் என்று ஆகிவிடும். நெருக்கு என்பது நாலு பக்கத்திலிருந்தும் வருவது. நெருங்கு, நெருக்கு என்று தன்வினையும் பிறவினையும் ஜோடியாக நிற்பதும் வசதி: நெருங்கினால்தான் நெருக்க முடியும். ஆகவே பிரெஸிங் என்பது நெருக்கு. கேகன்பிரெஸிங்குக்கு ‘எதிர்நெருக்கு’ என்றால் பழைய குழப்பமே தமிழிலும் வரும். நம்மை நெருக்குகிறவர்களை நாம் எதிர்ப்பது என்றுகூடப் படிக்கலாம். ‘மறுநெருக்கு’ பரவாயில்லை, மறுமொழியில் வரும் மறு அதுதான். ஆனால் இரண்டாவது முறை நெருக்குவது போலவும் கேட்கிறது.

புறத்திணை படித்தவர்களுக்குக் கரந்தை நினைவுக்கு வரும். ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்துபோன நிரையைத் துரத்திப் பிடித்து மீட்பது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாக்குகிறது. தொல்காப்பியம் அதை வெட்சிக்குள்ளேயே வைக்கிறது. கேகன்பிரெஸிங் தற்காப்பில் சேருமா தாக்குதலில் சேருமா என்று கால்பந்து ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். கிளாப் தொல்காப்பியர் கட்சி, அவருக்கு அது தாக்குதலின் பகுதியே. ஆனால் கரந்தை என்று எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். கிளப்புக்கோ ரசிகர் மன்றத்துக்கோ பெயர் வைக்க நல்ல சொல், கலைச்சொல்லாக ஓடாது.

என் தேர்வு ‘உடன்நெருக்கு’. உடன் என்றால் உடனே; உடன் என்றால் கூடவே. பந்து போனவுடன், எல்லாரும் சேர்ந்து. இந்த ஆட்டமுறையின் இரண்டு நிபந்தனைகளும் ஒரே முன்னொட்டில் வந்துவிடுகின்றன. ஜெர்மனுக்குக்கூட இது வாய்க்கவில்லை. வினையாகவும் வளைகிறது: உடன்நெருக்கினார்கள், உடன்நெருக்கத் தெரியாத அணி. “அடுத்த சீசனுக்கு நன்றாக ஓடுகிற ஸ்ட்ரைக்கர் வேண்டும்” என்பதற்கும் “உடன்நெருக்கத் தெரிந்த ஸ்ட்ரைக்கர் வேண்டும்” என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்பவர், அவனுக்குப் பத்தடி பின்னால் யார் நிற்பார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

தமிழாக்க வேண்டிய வரிசையில் அடுத்து ‘ரெஸ்ட்ஃபெர்டைடிகுங்’ என்று இன்னொரு ஜெர்மன் சொல் நிற்கிறது. அணி முழுக்க முன்னேறியிருக்கும்போது பின்னால் மிச்சமிருந்து காவல் காக்கும் இரண்டு மூன்று பேரின் அமைப்பு. உடன்நெருக்கு தப்பினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். எஞ்சுகாவல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். என் ஓட்டு பின்காவலுக்கு.