விசித்திரமாக வரைகிற பிள்ளைக்கு மனநோய் இருக்குமா?

ஒரு தந்தை கோப்பு நிறையப் படங்களோடு வந்திருந்தார். 17 வயது மகள் வரைந்தவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூட்டு. மரத்தில் காய்த்துத் தொங்கும் கண்கள். படுக்கையறைக்குள் புகுந்து கட்டிலைத் தூக்கி நிற்கும் கடல். "டாக்டர், இதையெல்லாம் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க, இவளுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். நான் கோப்பை மூடி வைத்துவிட்டு அவளை உள்ளே வரச் சொன்னேன்.

மனநல மருத்துவராக இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். (இங்கே சொல்லும் நபர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒரு படத்தை மட்டும் பார்த்து யாருக்கும் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மனித உருவம், வீடு, மரம் ஆகியவற்றை வரையச் சொல்லி மனதைக் கணிக்கும் சோதனைகள் உண்டு. அவற்றை மட்டும் நம்பி நோயை முடிவு செய்யும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. அப்படியிருக்க, ஒரு பிள்ளை ஆசையாக வரைந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எந்த விதத்தில் நியாயம்?

கனவில் வருவது போன்ற விசித்திரங்களை வரையும் சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தின் ஓவியங்களைப் பார்த்ததும் 'பைத்தியம் பிடித்தவன் வரைந்தது' என்று சொல்லிவிடுகிறோம். அந்த இயக்கத்துக்கும் மனநோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மைதான், ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் அல்ல. 1924இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை எழுதிய ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், செய்ன்-திசியே என்ற ஊரில் மனம் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான மையத்தில் வேலை பார்த்தார். நடப்பது போரே இல்லை, குண்டுகள் போலி, காயங்கள் வெறும் ஒப்பனை என்று உறுதியாக நம்பிய ஒரு வீரரை அங்கே சந்தித்தார். இப்படிப்பட்ட வீரர்கள் பேசியதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட அனுபவம்தான், அறிவின் தணிக்கை இல்லாமல் மனம் என்ன சொல்லும் என்ற கேள்வியை அவருக்குள் விதைத்தவற்றில் ஒன்று. அதாவது அவர் நோயாளியாக அல்ல, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவராக அங்கே இருந்தார்.

படங்கள் எப்படி உருவாயின என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். உருகி வழியும் கடிகாரங்களை ஸ்பானிய ஓவியர் சால்வடோர் தாலி 1931இல் வரைந்தார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் அளவு 24க்கு 33 சென்டிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டுவர நிதானமான கையும் சிதறாத கவனமும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து விரல்களுக்கு இடையில் ஒரு கனமான சாவியைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்வது பற்றி அவரே எழுதியிருக்கிறார். உறக்கம் தொட்டதும் சாவி நழுவும், கீழே கவிழ்த்து வைத்த தட்டில் விழுந்து ஒலிக்கும், உடனே விழிக்க வேண்டும். உறக்கத்தின் வாசலில் தோன்றும் காட்சிகள் எல்லோருக்கும் வருபவைதான், உங்களுக்கும் எனக்கும் கூட. வாசல் வரை போய்விட்டு விழிப்போடு திரும்பும் வழியை அவர் பழகி வைத்திருந்தார். மனச்சிதைவில் காட்சிகளும் குரல்களும் அனுமதி கேட்காமல் வரும், போகச் சொன்னாலும் போகாது. இந்த வேறுபாட்டைத்தான் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1938இல் லண்டனில் தாலியைச் சந்திக்கும் வரை சர்ரியலிஸ்டுகளை முழு முட்டாள்கள் என்றே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் கருதி வந்தார். அந்த இளைஞரின் தொழில் தேர்ச்சியைப் பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டதாக எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக் கடிதம் எழுதினார்.

படத்துக்குள் நோயைத் தேடுவது போலவே ஆபத்தான இன்னொரு பழக்கம், ஒரே காரணத்தைத் தேடுவது. பெல்ஜிய சர்ரியலிச ஓவியர் மக்ரித்தின் தாய் 1912இல் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது 13 வயது. உடல் கிடைத்தபோது அவருடைய உடை முகத்தை மூடியிருந்தது என்று ஒரு கதை உண்டு. 1928இல் அவர் வரைந்த 'காதலர்கள்' படத்தில் இருவர் முகத்தைத் துணி மூடியிருக்க முத்தமிடுகிறார்கள். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டு விளக்கினார்கள். மக்ரித்துக்கு இப்படிப்பட்ட விளக்கங்கள் பிடிக்கவே இல்லை. அந்தத் துக்கம் அவருக்குள் இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அதை எடுத்துப் பேசும் உரிமை அவருடையது, அவ்வளவுதான். மெக்சிக ஓவியர் ஃப்ரீடா காலோவும் அப்படித்தான். தன்னை சர்ரியலிஸ்ட் என்று மற்றவர்கள் சொன்னபோது, நான் கனவுகளை வரையவில்லை, என் வாழ்க்கையையே வரைந்தேன் என்று மறுத்தார். 1932இல் டெட்ராய்ட்டில் கரு கலைந்தபின் அவர் வரைந்த படத்தில் ரத்தம் தோய்ந்த மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். கையில் பிடித்திருக்கும் சிவப்பு இழைகளின் மறுமுனையில் கரு, நத்தை, இடுப்பெலும்பு எல்லாம் மிதக்கின்றன. அந்தப் படத்துக்குப் புதிர் விளக்கம் தேவையே இல்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஆள்தான் தேவை.

இனி, எதிர்ப்பக்கத் தவறு. சில இளைஞர்கள் என்னிடம், "மருந்து சாப்பிட்டா என் கற்பனை போயிடும் டாக்டர், நோய்தான் என்னை வரைய வைக்குது" என்று சொல்வார்கள். அவர்களுக்கு நான் சர்ரியலிச ஓவியர் லியோனோரா காரிங்டனைப் பற்றிச் சொல்வேன். கழுதைப்புலியும், முன்னும் பின்னும் ஆடுகிற குதிரைப் பொம்மையும் சூழத் தன்னையே அவர் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் 1937-38இல் உருவானது. அவர் நோயில் விழுந்தது அதற்குப் பிறகு, 1940இல். இரண்டாம் உலகப் போரில் அவருடைய காதலரான ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் கைது செய்யப்பட்டார். இவர் சரியாகச் சாப்பிடாமல், நிலைகுலைந்து ஸ்பெயினுக்குத் தப்பி ஓடினார். அங்கே சாந்தாந்தேர் நகர மனநல விடுதியில் அடைத்தார்கள். கட்டிலோடு கட்டினார்கள். கார்டியசால் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி வலிப்பை வரவழைத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் சிகிச்சை, இன்று யாரும் செய்வதில்லை. என் துறை செய்த அந்தக் கொடுமையை அவர் எழுதி வைத்ததைப் படித்தபோது எனக்குத் தாங்க முடியவில்லை. அந்த நாட்களை அவர் வரம் என்று கொண்டாடவில்லை. அதிலிருந்து மீண்டு மெக்சிகோவில் குடியேறினார், ஓவியர் ரெமேதியோஸ் வாரோ போன்ற தோழிகளோடு பல பத்தாண்டுகள் வரைந்தார், 2011இல் 94 வயதில் மறைந்தார். அத்தனை ஓவியங்களும் நோய் தந்தவை அல்ல, நோய் விட்டுப்போனபின் கிடைத்த வாழ்க்கையில் பிறந்தவை. மருந்தால் மந்தமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, எதைத்தான் கவனிப்பது? படத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, நண்பர்களை விட்டு விலகுகிறாரா, யாரும் இல்லாதபோது பதில் பேசுகிறாரா, வரைந்தது நிஜமாகவே நடக்கிறது என்று நம்புகிறாரா. சாவைப் பற்றிய படமோ பேச்சோ இருந்தால் நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாமல் அன்றே உதவி தேடுங்கள்.

இன்னொன்று, படம் நின்றுபோவது. என்னிடம் வந்த ஒரு இளைஞன் சின்ன வயதிலிருந்து கிறுக்கிக்கொண்டே இருந்தவன். ஆறு மாதமாகப் பென்சிலைத் தொடவில்லை. வீட்டில் எல்லோரும் 'பொறுப்பு வந்துவிட்டது' என்று நிம்மதியாக இருந்தார்கள். அவனுக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு.

கோப்போடு வந்த தந்தையிடம், என் முன்னாலேயே மகளிடம் ஒரு படத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். 'ஏன் இப்படி வரைஞ்சே' என்று கேட்கக் கூடாது, 'இதைப் பத்திச் சொல்லு' என்று கேட்கலாம் என்றேன். அவர் கடல் படத்தை எடுத்து நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இது இன்னும் முடியலப்பா. கதவு வரையணும். தண்ணி வெளியே போகணும்ல?" என்றாள். அப்புறம் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் குறுக்கிடவில்லை.