இன்சுலின் எதிர்ப்பா, இன்சுலின் மந்தமா?

கோத்தகிரியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவரிடம், "உங்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருக்கிறது" என்றார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எதிர்ப்பு நிறைய இருந்தால் நல்லதுதானே, டாக்டர்?" கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்று கபசுரக் குடிநீர் குடித்தவர் வேறென்ன நினைப்பார்? அவருடைய பின்கழுத்துத் தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தது. அந்தக் கோளாறின் எச்சரிக்கை கழுத்திலேயே இருந்தும், ஒரு தவறான சொல் அதை நற்செய்தியாக மாற்றிவிட்டது.

ஆங்கிலத்தில் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' எனப்படும் இதன் சொற்பிறப்பு எளிது. லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. கணையத்தில் தீவுத் தீவாகக் கிடக்கும் செல்திட்டுகளை 1869இல் ஜெர்மானிய மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அவற்றில் சுரப்பதால் இன்சுலின். 'ரெசிஸ்டன்ஸ்' என்பதும் லத்தீன் வழிச்சொல்தான். எதிர்த்து நிற்பது என்று பொருள். அகராதியில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தவர்கள் 'எதிர்ப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

உடம்பில் நடப்பது எதிர்ப்பு அல்ல. இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்வாங்கு என்று இன்சுலின் வந்து சொன்னாலும் தசை, ஈரல், கொழுப்புச் செல்கள் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அதனால் இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் சரியான அளவிலேயே இருக்கக்கூடும். 1936இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் நீரிழிவு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தபோது, இன்சுலினை நன்கு உணர்பவர்கள், உணராதவர்கள் என்றுதான் பிரித்தார். உணர்வைப் பற்றிய பேச்சில் போர்க்களத்துச் சொல்லுக்கு என்ன வேலை? இன்சுலினையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் சிலருக்கு உண்டாவதும் உண்டு. 'இன்சுலின் எதிர்ப்பு' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் மருத்துவ மாணவரே குழம்புவார்.

'இன்சுலின் தடை' என்று எழுதுவோர் இயற்பியல் பாடத்திலிருந்து 'மின்தடை'யை எடுத்து வருகிறார்கள். 'குன்னூரில் நாளை மின்தடை' என்று செய்தித்தாளில் படித்தால் மின்சாரம் வராது என்றுதானே புரிந்துகொள்கிறோம்? அப்படிப் பார்த்தால் இன்சுலின் தடை என்பது இன்சுலின் வராமல் நின்றுபோவது. உண்மை இதற்கு நேர்மாறானது. இரத்தத்தில் இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் 'ஏற்பின்மை' என்கிறார்கள். இலக்கணத்தில் குறையில்லை, பொருளில் உண்டு. 'இன்மை' என்றால் அறவே இல்லாதது. இந்தக் கோளாறோ கூடும், குறையும். தினமும் நடந்தால், இடுப்புக் கொழுப்பு கரைந்தால், தணியும். அந்த நம்பிக்கையை 'இன்மை' அடைத்துவிடுகிறது. 'மரப்பு' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் சர்க்கரை நோயாளியின் பாதம் உண்மையிலேயே மரத்துப்போகும். ஒரே வீட்டில் இரண்டு மரப்பு வேண்டாம்.

ஆகவே 'இன்சுலின் மந்தம்' என்கிறேன். காது மந்தம், பசி மந்தம் என்று எந்தப் பாட்டியும் சொல்கிற சொல். அளவுக்கும் இடம் தருகிறது, கெட்டது என்றும் உடனே உணர்த்துகிறது. வடசொல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில்: நோயாளிக்குப் புரியாத தூய்மையால் யாருக்கு நன்மை?

மலையில் இதைச் சரியாகச் சொல்வது அவசரம். சர்க்கரையை அதிகம் உள்வாங்குவது தசை. கூடை சுமந்து சரிவு ஏறிய கால்கள் ஓய்வுபெற்றதும் தசை கரைகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. குளிருக்கு நாலைந்து முறை சர்க்கரை போட்ட தேநீர் வேறு. மந்தம் முற்றினால் நீரிழிவு மட்டுமா? இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, கொழுப்பு ஈரல், கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது. இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். இளவயதில் சினைப்பை நீர்க்கட்டியோ கர்ப்பகாலச் சர்க்கரையோ இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள மனக்குறை இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்து இரத்தம் எடுக்கும் சோதனைக்குக் 'குளுக்கோஸ் சகிப்புத்தன்மை சோதனை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சகிப்பது மாமியாரையா, சர்க்கரையையா? உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது 'கையாளுந்திறன் சோதனை' ஆகாதா? 'மாதவிடாய் நிறுத்தம்' இன்னும் மோசம். நிறுத்துவது பிறவினை, யாரோ மாத்திரை கொடுத்து நிறுத்தியதுபோல் தொனிக்கிறது. அது தானாக நிற்கிறது. ஊரில் எல்லாப் பெண்களும் 'நின்றுவிட்டது' என்றுதான் சொல்கிறார்கள். துண்டறிக்கை எழுதுபவர்கள் அச்சுக்கு அனுப்பும் முன் அவர்களில் ஒருவரிடம் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேட்கட்டும்.