பழைய ஹைப்ரிட்டா, அதைவிடப் பழைய சின்ன வண்டியா?

டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும், இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் வண்டி நகராது. சாதாரணப் பழைய கார் என்றால் நாலு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். டொயோட்டா ப்ரியஸ் மாதிரி, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்டில் அது நடக்காது, ஏனென்றால் அதில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் மோட்டார்தான் இன்ஜினைச் சுழற்றி எழுப்ப வேண்டும். பேட்டரி படுத்தால் இன்ஜினும் படுத்தது.

இந்தக் கட்டத்துக்கு வரும்போதுதான் பலருக்கு அந்த யோசனை வருகிறது: இதைத் தள்ளிவிட்டு, நல்ல மைலேஜ் தரும் சின்னப் பெட்ரோல் கார் ஒன்றை, இதைவிடப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்கிவிட்டால் என்ன? கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். ஆனால் ஹைப்ரிட் அந்த மைலேஜை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்த்தால் அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை.

2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸையே எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட். 168 செல்கள், 6 செல்லுக்கு ஒரு மாட்யூல் என்று 28 மாட்யூல்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்து மொத்தம் 201.6 வோல்ட். கொள்ளளவு சுமார் 1.3 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதாவது அந்தப் பேட்டரி முழுக்க நிரம்பினாலும் ஒரு டம்ளர் பெட்ரோல்தான். அதிலும் ஆயுள் நீடிக்க வேண்டுமே என்று கம்ப்யூட்டர் நடுவில் 40 சதவீதத்துக்கும் 80-க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும்தான் புழங்க விடும்.

இவ்வளவு சின்னப் பேட்டரி எப்படி இவ்வளவு பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது? அது சேமிப்புக் கிடங்கு இல்லை, கைமாற்று வாங்கிக் கொடுக்கிற ஆள். ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள வண்டி 50 கிமீ வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 135 கிலோஜூல். அந்த வேகத்துக்கு வர நகர ஓட்டத்தில் ஏறத்தாழ 15 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். சாதாரணக் காரில் சிக்னலில் பிரேக் மிதித்தால் அந்த 135 கிலோஜூலும் பிரேக் தகட்டில் சூடாகி காற்றோடு போய்விடும். ஹைப்ரிட்டில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பெரும் பங்கைப் பேட்டரிக்குள் தள்ளும், பச்சை விழுந்ததும் அதையே திருப்பித் தரும். ஒரு சிக்னலுக்கு சில மில்லிதான், ஆனால் நகரத்தில் ஒரு பயணத்துக்கு எத்தனை சிக்னல் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு, பலருக்கும் இது தெரியாது. ப்ரியஸின் இன்ஜின் அட்கின்சன் சுழற்சி என்ற முறையில் இயங்குவது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1880களிலேயே யோசித்த விஷயம். இன்றைய வடிவில் காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். பிஸ்டன் மேலே வரும்போது இழுத்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும், அதனால் அழுத்தப்படுவது குறைவு, எரிந்தபின் விரிவது அதிகம். எரிந்த வாயுவின் அழுத்தத்தைக் கடைசிவரை பிழிந்து எடுக்கிற வித்தை இது. இதற்கு விலை, இன்ஜினின் இழுவை குறைந்துவிடும், முக்கியமாகக் குறைந்த வேகத்தில். அந்தக் குறையை மின்மோட்டார் மூடி மறைக்கும். ஜோடியில் பாதியாகவே வடிவமைக்கப்பட்ட இன்ஜின் அது. மற்ற பாதி சோர்ந்தால் இது தனியாகத் திணறும்.

சரி, மற்ற பாதி ஏன் சோர்கிறது? முதல் எதிரி சூடு. செல்களின் உள்தடை வயதோடு கூடும், தடை கூடினால் அதே மின்னோட்டத்துக்கு அதிகச் சூடு, சூடு ஏறினால் மூப்பு இன்னும் வேகமாகும். இது போதாதென்று செல்களெல்லாம் தொடராக இருப்பதால் 168-ம் ஒரே மின்னோட்டத்தைத் தாங்கியாக வேண்டும். ஒரு செல் பலவீனமாகி முதலில் காலியானால் மற்றவை நிற்காமல் அதன் வழியாகவே மின்னோட்டத்தைத் தள்ளும். அந்தச் செல்லின் துருவமே தலைகீழாகி, வாயு பிறந்து, அது நிரந்தரமாகக் கெடும். கம்ப்யூட்டர் இரண்டிரண்டு மாட்யூலாக 14 தொகுதிகளின் வோல்ட்டை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று மற்றவற்றிலிருந்து ரொம்ப விலகினால் பி0ஏ80 என்ற குறியீட்டைப் பதிந்து எச்சரிக்கை விளக்கைப் போடும்.

விளக்கு எரியும் முன்னரே அறிகுறி தெரியும். திரையில் பேட்டரிக் கோடுகள் சில நிமிடத்தில் சரசரவென்று ஏறும், அதே வேகத்தில் இறங்கும். பின்சீட்டருகே மின்விசிறி இரைச்சல் போடும். நின்றுகொண்டிருக்கும்போது அணைய வேண்டிய இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்விசிறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று பயணிகள் பகுதியிலிருந்துதான் உள்ளே போகிறது, நாயை ஏற்றிக்கொண்டு சுற்றும் குடும்பம் என்றால் அந்த வழி முடியால் அடைத்துக் கம்பளிப் போர்வை மாதிரி ஆகிவிடும். என் கையாலேயே ஒன்றிலிருந்து பிடுங்கி எடுத்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மற்ற 27-ம் அதே வயது, அதே சூட்டைத் தின்றவை. இன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து அடுத்தது.

இப்போது அந்தப் பழைய சின்ன வண்டிக்கு வருவோம். அதன் ரகசியம் எளிமையானது, எடை குறைவு, இன்ஜின் சிறிது. 1,300 கிலோவுக்குப் பதிலாக 950 கிலோ என்றால் ஒவ்வொரு முறை கிளப்புவதற்கும் கால்பங்குக்கு மேல் ஆற்றல் குறைவாகவே போதும். சின்ன இன்ஜினால் இன்னொரு லாபம்: பெரிய இன்ஜின் மெதுவாகப் போகும்போது, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவான த்ராட்டில் பாதிக்கு மேல் மூடியே இருக்கும், அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே இன்ஜின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவழிக்கும், ஒரு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போல. சின்ன இன்ஜினுக்கு அதே வேகத்தில் த்ராட்டிலைக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருப்பதால் இந்த வீண்செலவு குறைகிறது. 1990களில் ஹோண்டா சிவிக் விஎக்ஸ் இன்னும் ஒரு படி போய், வழக்கமான 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தைத் தாண்டி, காற்றை நிறையச் சேர்த்து எரித்தது. நல்ல மைலேஜ்தான், ஆனால் அப்படி எரித்தால் புகையைச் சுத்தம் செய்யும் வழக்கமான மூவழி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சரியாக நீக்க முடியாது. புகை விதிகள் இறுக இறுக அந்த வழி சுருங்கிப் போனது.

நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் இடைவெளி இன்னும் குறையும். 100 கிமீ வேகத்தில் முக்கிய எதிரி காற்று, பிரேக் மிதிக்கிற வேலை அபூர்வம், ஆகவே திருப்பி எடுக்க ஒன்றும் இல்லை. அங்கே ஹைப்ரிட்டுக்கு உதவுவது அதன் வழவழப்பான உடலும் அட்கின்சன் இன்ஜினும்தான்.

மைலேஜ் எண்ணே நம்மை ஏமாற்றும் என்பதும் உண்டு. 2008-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் சயன்ஸ் இதழில் இதைக் காட்டினார்கள். லிட்டருக்கு 8 கிமீ தரும் வண்டியிலிருந்து 16-க்கு மாறினால் 100 கிமீக்கு 6.25 லிட்டர் மிச்சம். 16-லிருந்து 20-க்குப் போனால் வெறும் 1.25 லிட்டர். ஆகவே 20 தந்த ஹைப்ரிட்டை விட்டு 16 தரும் வண்டிக்கு வந்தால், ஆண்டுக்கு 10,000 கிமீ ஓட்டுபவருக்குக் கூடுதலாக ஆவது 125 லிட்டர். அதை உங்கள் பெட்ரோல் விலையால் பெருக்கி, புதுப் பேட்டரியின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நெரிசலில் ஓட்டுகிற டாக்ஸிக்காரர் என்றால் என் ஓட்டு புதுப் பேட்டரிக்குத்தான். வாரத்தில் இரண்டு நாள் நெடுஞ்சாலையில் போய்வருபவர் என்றால் சின்ன வண்டியே போதும், ஆனால் 1990களின் கார்களில் பெரும்பாலானவற்றில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி இருக்காது, ஏர்பேக்கும் சந்தேகம், அதைத் தெரிந்தே ஏற வேண்டும்.

வாங்கப் போகும்போது அந்த 16 இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், விளம்பரத்தில் இருந்தது இருபது வருடத்துக்கு முந்தைய எண். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் வண்டி ஏற்றுக்கொள்ளுமானால் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, இல்லையென்றால் டாஷ்போர்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் ஓட்டுங்கள். இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு 80 டிகிரிக்கு மேல் வந்து நிற்க வேண்டும். 60-லேயே தடுமாறினால், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மலிவான பாகம்தான், விலை பேசும்போது சொல்லிக்கொள்ளலாம்.