ஆர்எக்ஸ் 100க்கு டிஸ்க் போடலாம்னு இருக்கீங்களா? முதல்ல ட்ரம்ம கழட்டிப் பாருங்க

பட்டறைக்கு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டிட்டு வர்ற தம்பிங்க பாதிப்பேர் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணா முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்க, ட்ரம் பிரேக் சுத்தமா புடிக்கல". கேக்குறதுல நியாயம் இருக்கு. 1985ல வந்து 1996ல நின்னுபோன வண்டி, 98 சிசி, 11 பிஎச்பி, வெயிட்டும் கம்மி, முறுக்குனா பிச்சுக்கிட்டுப் போகும். அந்த ட்ரம் அன்னைக்கு இருந்த ரோட்டுக்கும் டிராபிக்குக்கும் போட்டது, இப்ப பைபாஸ்ல உங்களுக்கு முன்னாடி போற கார் ஏபிஎஸ்ஸோட டக்குனு நின்னுடும், நீங்களும் நிக்கணும்ல. 60ல போறப்ப ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும், அது பிரேக்ல கை வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுற தூரம். அதுக்கு மேல நல்ல பிரேக், நல்ல டயர், காஞ்ச ரோடுன்னா ஒரு 20 மீட்டர்ல நிக்கலாம், புடிப்பு பாதிதான்னா 40 மீட்டர்.

ஆனா நான் டிஸ்க் பத்தி பேசுறதுக்கு முன்னாடி வீல கழட்டிருவேன். உள்ள பாத்தா பாதி வண்டியில பிரச்சனை அங்கயே தெரிஞ்சிடும். ஷூ (ட்ரம்முக்குள்ள விரிஞ்சு உரசி வீல நிறுத்துற ரெண்டு வளைவுத் துண்டு) மேல ஒட்டியிருக்குற லைனிங் பளபளன்னு கண்ணாடியாட்டம் ஆகியிருக்கும், ஷூ முழுசா உக்காராம நடுவுல மட்டும் தேஞ்சிருக்கும், ஷூவ விரிக்கிற கேம்ல கிரீஸ் காஞ்சு துருப்புடிச்சு கையால திருப்பவே முடியாது. இதுல மோசமான வேலை ஒண்ணு இருக்கு. ஷூ தேஞ்சு போச்சுன்னா புது ஷூ போடாம, கேம் மேல இருக்குற லிவர கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டி விட்டுடுவாங்க. பிரேக் அழுத்திப் புடிக்கும்போது லிவரும் கேபிளும் ஏறக்குறைய எல் மாதிரி 90 டிகிரில நிக்கணும், அதைத் தாண்டிப் போகுதுன்னா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். பல்லு தள்ளி மாட்டுனா அந்த அடையாளமே மறைஞ்சு போயிடும், கேம் அளவுக்கு மீறித் திரும்பி ஒருநாள் அப்படியே மாட்டிக்கும், வீல் லாக்.

ஷூ வாங்குறப்பவும் கவனம் வேணும். நிறைய வருஷமா கடை அலமாரில கெடந்த பழைய ஸ்டாக்க "ஒரிஜினல்ணா"ன்னு பெருமையா வாங்கிட்டு வர்றாங்க, அதுல லைனிங்க ஒட்டியிருக்குற பசை காஞ்சு போயிருந்தா ஓட்டத்துல லைனிங் பிரிஞ்சு வந்து ட்ரம்முக்கு நடுவுல சொருகிக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி ஓரத்துல நகத்த விட்டுப் பாருங்க, கொஞ்சம் தூக்குனாலும் தூக்கிப் போட்டுருங்க. அப்புறம் பழைய ட்ரம்மு தூச கம்ப்ரசர்ல ஊதாதீங்க, அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நெஞ்சுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது. ஈரத்துணில தொடைங்க போதும்.

பஞ்சர் போட்டு முன் வீல மாட்டுறப்ப ஃபோர்க்ல இருக்குற கட்டை பிரேக் பிளேட்டோட (ஷூ உக்காந்திருக்குற மூடி) பள்ளத்துல சரியா உக்காந்துருக்கான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க, கடைக்காரர் அவசரத்துல விட்டுருவார். அது உக்காரலன்னா பிரேக் புடிச்ச உடனே பிளேட்டும் சேந்து சுத்தும், கேபிள் அறுந்து வண்டி குப்புற விழும்.

இதெல்லாம் சரி பண்ணி, கேபிளும் புதுசு போட்டு, ட்ரம் கோணலா இருந்தா லேத்துல லேசா கடைஞ்சு (உள்ள போட்டிருக்கிற மேக்ஸ் அளவத் தாண்டாம) ஷூவயும் அதுக்கேத்த மாதிரி படிய வச்சுக் குடுத்தா, நிறைய பேர் டிஸ்க் வேணாம்ணா இதே போதும்னு போயிடுறாங்க.

இல்ல, டெய்லி ஹைவேல போறேன், டிஸ்க் தான் வேணும்னா தாராளமா போடலாம், ஆனா ஒரே வண்டியோட முழு செட்டா போடுங்க. ஃபோர்க், அதப் புடிக்கிற மேல் கீழ் பிளேட், வீல், டிஸ்க், காலிபர் (பேட வச்சு டிஸ்க்க நெருக்கிப் புடிக்கிறது), ஆயில் போற ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் (கைப்பிடில இருந்து ஆயில தள்ளுறது) எல்லாம். பழைய ஃபோர்க்லயே ஒரு பட்டைய வெல்டிங் வச்சு காலிபர் மாட்டித் தர்றோம்னு யாராவது சொன்னா அங்கிருந்து கிளம்பிடுங்க. பிரேக் புடிக்கிறப்ப மொத்த விசையும் அந்தப் பட்டை மேலதான் வரும், வெல்டிங் விட்டுச்சுன்னா காலிபர் ஸ்போக்குக்குள்ள போயிடும்.

மாஸ்டர் சிலிண்டர்லதான் ரொம்பப் பேர் ஏமாறுறாங்க. லுக்கா இருக்குன்னு பெரிய வண்டியோடத வாங்கிட்டு வருவாங்க. சின்ன காலிபருக்கு பெரிய போர் (உள் துளை அளவு) மாஸ்டர் சிலிண்டர் போட்டா கை லிவர் கல்லு மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்துனாலும் புடிப்பு வராது. பெரிய காலிபருக்கு சின்னத போட்டா லிவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கும். போர் அளவு பலதுல உடம்புலயே அச்சா இருக்கும், பாத்து வாங்குங்க.

பிரேக் ஆயில் டாட் 3ஓ 4ஓ மூடில என்ன எழுதியிருக்கோ அதான் ஊத்தணும், டாட் 5 சிலிக்கான் அது வேற ஜாதி, இதோட கலக்கவே கூடாது. இந்த ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், டாட் 4 புதுசா இருக்கப்ப குறைஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிட்டா 155 வரைக்கும் எறங்கிடும், கொல்லிமலை மாதிரி எறக்கத்துல விடாம பிரேக் புடிச்சா உள்ளயே கொதிச்சு லிவர் பொதுக்குனு போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, பாதி தீந்து மூடாம வச்ச டப்பாவ ஊத்தாதீங்க.

அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ன்னு ஒண்ணு இருக்கு, வண்டிய இஷ்டத்துக்கு மாத்த முடியாது, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் கேட்டுக்கோங்க.

போட்டு முடிச்சதும் நேரா ஹைவேக்கு போயிடாதீங்க. காலி ரோட்டுல 40ல போயி மெதுவா புடிச்சுப் புடிச்சு விடுங்க, பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு படியணும், அதுவரைக்கும் புடிப்பு கம்மியாதான் இருக்கும். அன்னைக்கு சாயங்காலம் ஹோஸ் ஜாயிண்ட்ட விரலால தடவிப் பாருங்க, ஈரம் இருந்தா வாஷர் சரியா உக்காரல, காப்பர் வாஷர் புதுசா ரெண்டு போட்டு டைட் பண்ணி உள்ள போன காத்த வெளியேத்தி திரும்ப ஏர் எடுத்துட்டுதான் வண்டிய எடுக்கணும்.